சும்மாதான் பழகுறோம்

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு நாற்பதை நெருங்கும் வயது. பெற்றோர் போன பிறகு ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். ஒருநாள் கட்டடத்தின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட, உள்ளே மாட்டிக்கொண்டாள். பழுது பார்க்க வந்த மெக்கானிக் வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்தார்.

"பயப்படாதீங்க. என் மச்சானும் இந்த லிஃப்ட் மாதிரிதான். எதையும் பாதியில நிறுத்துவான், ஆனா கவுத்துவிட மாட்டான்."

அழப்போனவள் சிரித்துவிட்டாள்.

அதிலிருந்து ஞாயிறு மாலைகளில் அவரிடமிருந்து போன் வந்தது. படத்துக்குப் போனார்கள், ஆற்றோரம் நடந்தார்கள், ஒருமுறை அவருக்கு மின்விசிறி வாங்கப் போனார்கள். மின்விசிறி வாங்கக் கூட்டிப்போவதை என்னவென்று எடுத்துக்கொள்வது? சட்டையை இஸ்திரி போட்டு வருவார். லிஃப்ட் பழுது பார்க்க வந்தபோதும் அப்படித்தான் வந்திருந்தார். கையைத் தொட்டதில்லை. ஆனால் அவள் ஏறிய பஸ் வளைவில் மறையும்வரை நின்றுகொண்டிருப்பார். எல்லோருக்குமே அப்படி நிற்கிற மனிதரோ என்னவோ. கேட்டுவிடலாம்தான். 'நான் அப்படி நினைக்கவே இல்லையே' என்று சொல்லிவிட்டால், அப்புறம் இந்த ஞாயிறும் கையை விட்டுப் போய்விடும்.

ஒரு வாரம் தன் தங்கையையும் அழைத்து வந்தார். அவர் காபி வாங்கப் போன நேரத்தில் தங்கை நெருங்கி உட்கார்ந்தாள்.

"அண்ணன் வாயத் திறந்தா உங்க பேச்சுதான். எப்பக்கா நல்ல சேதி சொல்லப் போறீங்க?"

விளையாடுகிறாளா, ஆழம் பார்க்கிறாளா? யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா. நாங்க சும்மாதான் பழகுறோம்."

அவர் பின்னால் வந்து நின்றிருந்தார். மூன்று கோப்பைகளையும் சிந்தாமல் மேஜையில் வைத்தார். "ஆமா, சும்மாதான். நீ வேற," என்றார் தங்கையிடம். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினார்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"அன்னிக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினாள். "உங்க மனசுல என்னன்னு தெரியல. நானா ஆசைய வளத்துக்கிட்டு நிக்கிறேனோன்னு பயம்."



"எனக்கும் அதே பயந்தான். அதனாலதான் தங்கச்சிய விட்டுக் கேக்கச் சொன்னேன்."

"இப்ப நீங்களே கேளுங்களேன்."

"முடியலங்க. நீங்க சொன்னத அப்படியே நம்பி, மனச ஒருவழியா தேத்திட்டேன். மறுபடி பிரிச்சு மாட்டத் தெம்பில்ல."

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் மல்லுக்காவது நின்றிருப்பாள். "சரிங்க, உடம்பப் பாத்துக்குங்க," என்று மட்டும் சொன்னாள்.

அவர் வரச் சொல்வார் என்று வெளியே போகத்தான் உடுத்தியிருந்தாள். அறையில் இருப்புக் கொள்ளாமல் தனியாகப் படத்துக்குப் போனாள். விளக்கு அணையும் நேரத்தில் ஒரு பெண் வந்து பக்கத்து இருக்கையைக் காட்டி, "யாராவது வராங்களா?" என்றாள்.

"இல்ல, உக்காருங்க," என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.