லீவு நாளில் எடுத்த ரத்தம்

என் மேஜைக்கு வரும் எந்தப் புஷ்ஷும் என்னிடம் கெஞ்சித் தப்பியதில்லை. புஷ் என்றால் லாரிக்கு அடியில் பொருத்துகிற இரும்பு வளையம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனி அதைத்தான் கடைந்து தள்ளுகிறது. நான் அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்ப்பேன். எல்லைக்குள் இருந்தால் பச்சைப் பெட்டி, துளி கூடினாலும் சிவப்பு அட்டை கட்டிச் சிவப்புப் பெட்டி. "ஹெலன் அக்கா, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று ஆபரேட்டர்கள் இழுப்பார்கள். கொஞ்சம் பார்த்துப் போட இதென்ன குழம்புக்கு உப்பா?

அதிலும் சாலமோன் என்று ஓர் ஆபரேட்டர். மிஷினிலிருந்து எடுத்த கையோடு சுடச்சுடக் கொண்டுவந்து நீட்டுவான். சூட்டில் இரும்பு விரிந்திருக்கும், அளவு கூடத்தான் காட்டும். ஆறட்டும், அப்புறம் கொண்டா என்று தினமும் அவனிடம் கத்துவதே என் பிழைப்பு. அப்படிப்பட்டவள் 2007ஆம் வருடத்தில் எனக்கே ஒரு சிவப்பு அட்டை கட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்கு மாதாமாதம் வருகிற வலி சாதாரண வலி இல்லை. இடுப்பைப் பிடித்து முறுக்கும், முதல் இரண்டு நாள் எழுந்து நிற்க விடாது. அதில் முதல் நாள் மட்டும்தான் நான் லீவு போடுவேன். சூப்பர்வைசர் சுப்பராயன் சாரும் காரணம் கேட்க மாட்டார், தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார். எங்கள் கம்பெனியில் எந்தப் பெண்ணும் நன்றாக இருக்கிற நாளில் லீவை வீணடிக்க மாட்டாள். ஆகவே ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதா, பேங்க்கில் நிற்பதா, எல்லாமே அந்த வலி நாளில்தான், மாத்திரை போட்டுக்கொண்டு.

எளாவூரில் எங்கள் பக்கத்து வீடு மெஹர்னிசா. பழவேற்காட்டிலிருந்து வந்து துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். அவள்தான் ஒரு நோட்டீசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்டேஷன் பக்கம் புதிதாக ஒரு லேப், பெண்களுக்கென்று தனி பேக்கேஜ், சுகர், தைராய்டு எல்லாம் பார்ப்பார்களாம். கூடவே சினைப்பைப் புற்றுநோய்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை, சிஏ-125 என்று பேர். தனியாகப் போகப் பயம் அவளுக்கு. எனக்கும் லீவு நாள் வந்தது. போனோம், கையை நீட்டினோம், வரும் வழியில் ஆளுக்கொரு ஜூஸ் குடித்தோம்.

முடிவு வந்தது. மெஹர்னிசாவுக்குப் பதினொன்று. எனக்கு எழுபத்திரண்டு. பக்கத்திலேயே அச்சடித்திருந்தது: முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். லேபில் இருந்த பெண் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

மெஹர்னிசா வழியெல்லாம் ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? எல்லையைத் தாண்டிய சரக்கை எத்தனை வருடமாகத் தூக்கிப் போடுகிறேன் நான்! இது நூலிழை அளவு கூடுதல் இல்லை, இரண்டு மடங்கு. எனக்குப் புற்றுநோய்தான் என்று பஸ் ஸ்டாப்பிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

பென்னியிடம் சொல்லவில்லை. பென்னி என் புருஷன். பக்கத்து கம்பெனியில் ஃபிட்டர், கொஞ்சம் தலைவலித்தாலே எனக்கு ஜெபக் கூட்டம் ஏற்பாடு செய்கிற ஆள். நானே ஹைவே ஓரமாக இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் எண்ணைப் பார்த்தார், ஸ்கேனுக்குக் கூட எழுதவில்லை. ரிஸ்க் எதற்கு, கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துவிடலாம் என்றார். நானும் மண்டையை ஆட்டினேன். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து நானும் பென்னியும் ஒரு குழந்தைக்குத்தான் காத்திருந்தோம். எடுத்துவிட்டால் அந்தக் கதை அத்தோடு முடிந்தது. உயிர் இருந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பென்னிக்குச் சமையல் பாடம் தொடங்கியது. ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். புளியைக் கரைக்கச் சொன்னால் சட்டையெல்லாம் கரைத்துக்கொண்டான். நான் போன பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தெருவில் இருக்கிற பெண்களை ஒவ்வொருத்தியாக மனதுக்குள் எடை போட்டேன். ஒருத்தியும் தேறவில்லை. செத்த பிறகும் எனக்குப் பேஜார்தான் போல என்று கோபம் கோபமாக வந்தது.

ஆபரேஷனுக்குப் புருஷன் கையெழுத்து வேண்டும் என்றதும் விஷயம் உடைந்தது. பென்னி கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தான்.

"நீ ஒரு பீஸை ஒரே ஒரு தபா அளந்துட்டு ஸ்கிராப்ல போடுவியா ஹெலனு?" என்றான்.

"அது இரும்புய்யா. இது உசுரு."

"அதான் கேக்குறேன்."

மறுநாளே ரயிலேற்றி என்னைச் சென்னைக்கு, பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

வரிசை நீளமாக இருந்தது. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் திருநின்றவூரிலிருந்து வந்த முத்தம்மாள் என்கிற அம்மா. தலையில் முடி இல்லை, சேலை முந்தானையைச் சுற்றியிருந்தார். மடியில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"நாப்பதும்மா!" என்றார். "ஆயிரத்துக்கு மேல இருந்திச்சு. ஆபரேஷன் ஆயி, மருந்து ஏத்தி ஏத்தி, இன்னைக்கி நாப்பதுக்கு வந்துக்குது. துன்னு."

அவர் சொன்னதும் அதே சிஏ-125 எண்ணைத்தான். நாற்பது என்றால் முப்பத்தைந்தைத் தாண்டியதுதானே, என் மேஜையில் அதற்கும் சிவப்பு அட்டைதான். இந்த அம்மா அதற்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் தைரியமாகவும் இருந்தது.

டாக்டரம்மா வெடுக் வெடுக்கென்று பேசுகிறவர். என்னைவிடக் கோபக்காரி, பார்த்ததுமே பிடித்துவிட்டது. ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"ரத்தம் எப்ப குடுத்த?"

"லீவு நாள்ல டாக்டர்."

"எதுக்கு லீவு?"

"வயித்து வலி."

"என்ன வலி?"

பென்னியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாதாமாதம் வருவது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்லா நாள் பாத்துக் குடுத்திருக்க போ."

அப்புறம் பொறுமையாகத்தான் சொன்னார். மாதவிடாய் நாட்களில் நிறையப் பெண்களுக்கு இந்த எண் தானாகவே ஏறும். கர்ப்பப்பையில் கட்டி இருந்தாலும் ஏறும், கர்ப்பமாக இருந்தாலும் ஏறும், வயிற்றில் டிபி வந்தாலும் ஏறும். அந்தப் பக்கம், புற்றுநோய் தொடக்கத்தில் இருக்கிற சிலருக்கு முப்பத்தைந்தைத் தொடவே தொடாது. மெஹர்னிசாவின் பதினொன்றும் அவளுக்கு எழுதிக்கொடுத்த உத்தரவாதம் இல்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் பிடித்து நோய் இருக்கிறதா என்று பார்க்க இந்தப் பரிசோதனை உதவாது. ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மருந்து கேட்கிறதா என்று தொடர்ந்து பார்க்கத்தான் பெரிதும் உதவும். மற்றவர்களுக்கு வயது, வலி, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

"அதுக்காக உனக்கு ஒண்ணுமில்லன்னு நான் சொல்லல. இப்படி வலிக்குதுன்னா பாக்கணும்" என்று ஸ்கேனுக்கு எழுதினார்.

சுடச்சுட அளந்திருக்கிறார்கள். லேப்காரர்கள் என்ன செய்வார்கள், சூடு ஆறாமல் கொண்டுபோய் நீட்டியவளே நான்தானே. சாலமோனை எத்தனை திட்டு திட்டியிருப்பேன்!

ஸ்கேனில் இடது சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது. பழைய ரத்தம் தேங்கிய நீர்க்கட்டி, சாக்லேட் சிஸ்ட் என்று இதற்குப் பேராம். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு போலவே ஒன்று வெளியிலும் வளர்ந்து, அதுவும் மாதாமாதம் கசிகிறது. வலிக்கும் அதுதான் காரணம், குழந்தை தள்ளிப் போவதற்கும் அதுவாக இருக்கலாம், அதுவே அந்த எண்ணையும் ஏற்றும். பார்த்தால் புற்றுநோய் மாதிரி இல்லை என்றார். இருந்தாலும் ரத்தத்தை உடம்பு நன்றாக இருக்கிற நாளில் இன்னொரு முறை பார்த்துவிட்டு, சின்னத் துளை போட்டுக் கட்டியை மட்டும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம்.

"கொழந்த?" என்று பென்னிதான் கேட்டான்.

"பொறக்கும்னு என்னால சொல்ல முடியாதுப்பா. ஆனா இருக்க வேண்டியதெல்லாம் இருக்கு. அதை எதுக்கு அவசரப்பட்டுத் தூக்கிப் போடணும்?"

அடுத்த மாதம் வலியெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டு நின்றேன். சுப்பராயன் சார் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

"உடம்பு நல்லாத்தானம்மா இருக்கு? எதுக்கு லீவு?"

"நல்லா இருக்கறதாலதான் சார்" என்றேன். மனிதர் ஒன்றும் புரியாமல் கையெழுத்துப் போட்டார்.

காலையில் அதே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு, ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் நாஷ்டா சாப்பிட உட்கார்ந்தோம். பென்னி பூரிக்கு மேல் வடையும் சொன்னான். எண்ணெய்ப் பண்டமாகவே தின்று தொலை என்று திட்டிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஹைவே நர்சிங் ஹோமில் எனக்குத் தேதி கொடுத்திருந்த வெள்ளிக்கிழமை அதுதான். இந்நேரம் ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்து எல்லாவற்றையும் வழித்து எடுத்திருப்பார்கள். மேஜைக்கடியில் கையை விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் உள்ளேதான் இருந்தது. அழுதேன், சர்வர் வந்து சட்னி காரமா என்று கேட்கும் அளவுக்கு அழுதேன்.

சாயங்காலம் முடிவை வாங்கப் போனோம். பென்னி முதலில் வாங்கிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"நாப்பத்தெட்டு. இன்னும் ஜாஸ்தியாத்தான கீது, ஹெலனு?"

நான் கடலை மிட்டாய் வாங்கக் கடைப்பக்கம் நடக்கத் தொடங்கினேன்.

"எழுவத்திரண்டுலேந்து ஆறிக்கினு வருதுய்யா" என்றேன். "வா."