பதினாலாம் நம்பர் தாள்

பாஸ்கலுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எட்டு வருஷமாக டாலி கிளார்க். கரைக்கு அஞ்சு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களில் ஏறி, தோணிக்கு இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவது வேலை. அவன் எழுதும் லீவு லெட்டரை மானேஜர் ஜெயசிங் இரண்டு தடவை வாசிப்பார், அவ்வளவு லட்சணமாக இருக்கும்.

அப்படிப்பட்டவன் ஓர் இங்கிலீஷ்காரக் கப்பலில் சமையல்காரரிடம் டீ கேட்டான். லீவு லெட்டரில் எழுதுவது போலவே, தயவுகூர்ந்து ஒரு கோப்பை டீ வழங்கி உதவும்படி பணிவுடன் வேண்டிக்கொண்டான். சமையல்காரர் டீயைக் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அந்தக் கப்பல் கிளம்பும் வரை பாஸ்கலுக்குப் பெயர் 'லார்டு'.

வேறொருவனுக்கு ரோஷம் வந்திருக்கும். பாஸ்கலுக்கு வந்தது ஆச்சரியம். அவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பதில் பாதி அவனுக்குப் பிடிபடவே இல்லை. ஆபீசுக்கு ஓர் இங்கிலீஷ், வீட்டுக்கு ஓர் இங்கிலீஷ் வைத்திருக்கிறார்களா? அந்த வீட்டு இங்கிலீஷை ஏன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை? கடைசி நாளில் அந்தக் கப்பலின் இன்ஜினியர் ஒருவரைப் பிடித்து, சிகரெட் அட்டைகளின் பின்பக்கம் அறுபது சொற்களை அர்த்தத்தோடு எழுதி வாங்கிவிட்டான். ஆள் என்றால் 'ப்ளோக்'. சோறு என்றால் 'க்ரப்'. தூக்கிக்கொண்டு போனால் 'நிக்'. கம்பி நீட்டினால் 'ஸ்கார்ப்பர்'. அடித்துப்போட்ட மாதிரி அசந்து கிடந்தால் 'நாக்கர்ட்'.

வீட்டில் அவன் அட்டையைப் பார்த்து முணுமுணுப்பதை மனைவி மரியசெல்வி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். அவள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்.

"இப்படி உருப்போட்டா ஒண்ணும் நிக்காது. ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை எடுங்க. அஞ்சும் வாரமாதிரி சிரிப்பா ஒரு துண்டுக் கதை எழுதுங்க. கதையில வாரது தெரிஞ்ச ஆளா இருக்கணும். அப்பதான் மனசுல ஒட்டும்" என்றாள்.

முதல் கதை அவளுடைய அண்ணன் இனிகோ விருந்துக்குப் போய் ஏழு தட்டு காலி செய்ததைப் பற்றியது. மரியசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சொற்கள் அஞ்சும் பாஸ்கலுக்கு மறக்கவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆபீசில் போர்டிங் கிளார்க் வேலை காலியானது. கப்பல் வந்ததும் முதல் ஆளாக ஏறி, கேப்டனுக்கு என்ன வேண்டும், என்ன குறை என்று பேசித் தெரிந்துகொண்டு வரும் வேலை. பாஸ்கலுக்கு அதன்மேல் ஒரு கண். சக கிளார்க் செல்வதுரைக்கு இரண்டு கண். மாசக் கடைசியில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தார் ஜெயசிங்.

மாசக் கடைசியில் ஒரு கிரேக்கக் கப்பல் யூரியா மூட்டையோடு வந்தது. அதன் சீஃப் ஆபீசருக்குக் காது வரை மீசை. பேச்சு மட்டும் அளந்துதான் வரும். கடைசி நாள் மத்தியானம் அவர் தட்டோடு மேல்தளத்தில் நின்று சாப்பிட்டபோது, தோணியில் ஓசியில் வந்திருந்த காக்கை ஒன்று அவருடைய மீனைக் கவ்விக்கொண்டு பறந்தது. அவர் கப்பலின் முனை வரை துரத்தினார். பாஸ்கல் கையில் அன்றைய அஞ்சு சொற்கள் இருந்தன, எழுத நோட்டு இல்லை. மூட்டைக் கணக்கு எழுதும் டாலி பேடில், நம்பர் போட்ட அடுத்த தாளிலேயே காக்கைக் கதையை எழுதிவிட்டான்.

கெட்டுப்போன தாளின் குறுக்கே 'ரத்து' என்று எழுதிச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அதற்குள் கீழே மூட்டை இறங்க ஆரம்பித்தது. மறந்துபோனான்.

சாயங்காலம் நாலு மணி. ஜெயசிங் லாஞ்சில் வந்து ஏறினார். இருபத்தாறு தாளிலும் சீஃப் ஆபீசர் கையெழுத்துப் போட்டால் கப்பல் கிளம்பலாம். பதின்மூன்று வரை போட்டவர் பதினாலில் நின்றார். கண்ணாடியை மாட்டினார்.

"இதில் எத்தனை மூட்டை?"

பாஸ்கல் எட்டிப் பார்த்தான். "மூட்டை இல்லை. அந்தத் தாளை விட்டுவிடுங்கள்."

"நம்பர் போட்ட தாளை எப்படி விடுவது? இந்தச் சொல் எனக்குத் தெரியாது. இதுவும் தெரியாது. சேதம் என்று எழுதியிருக்கிறாயா? ஒரு துறைமுகத்தில் புரியாத ஒரு சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மாதம் பதில் எழுதியவன் நான்."

ஜெயசிங் தாளை வாங்கி வாசித்தார். அவருக்கும் புரியவில்லை. "என்னலே இது?" என்றார் பல்லுக்கிடையில்.

"கதை அண்ணாச்சி."

"என்ன கதை?"

"வீட்டு இங்கிலீஷ் பழகுததுக்கு எழுதினது. இவர் மீனைக் காக்கா தூக்கினது."

ஜெயசிங் அவன் பக்கமாகச் சாய்ந்தார். "வேற கப்பல் ஆபீசர்னு சொல்லித் தொலை. இவன் கையெழுத்துப் போடலன்னா இன்னைக்குக் கப்பல் நகராது. உனக்கும் நாளைக்கு ஆபீஸ்ல வேலை இருக்காது."

சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றாம் வரியிலேயே மீசை வந்துவிட்டது. அதோடு, வெள்ளைக்காரத் துரை மாதிரி தெரிந்த இந்த மனுஷனுக்கே அந்தச் சொற்கள் தெரியாதது பாஸ்கலைக் குடைந்தது. இங்கிலீஷ் இவருக்கும் ஆபீசில் மட்டும்தானா?

"ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறேன்" என்றான். ப்ளோக் என்றபோது அவரையே சுட்டிக்காட்டினான். க்ரப் என்றதும் வாயில் சோறு வைப்பது போல் செய்தான். நிக் வந்தபோது மேசையிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். ஸ்கார்ப்பருக்குக் கைகளை விரித்து நாலு எட்டு ஓடினான். நாக்கர்ட் என்று நாற்காலியில் தொப்பென்று விழுந்து நாக்கைத் தள்ளினான். ஜெயசிங் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சீஃப் ஆபீசர் சிரிக்கவில்லை. தாளை மறுபடி முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசித்தார்.

"இது தப்பு" என்றார்.

"மன்னியுங்கள். சும்மா வேடிக்கைக்கு..."

"எண்ணிக்கை தப்பு. ஒரு காக்கை இல்லை, இரண்டு. ஒன்று தொப்பியைக் கொத்தியது. நான் திரும்பினேன். மீனை எடுத்தது மற்றது. ஒற்றைக் காக்கையிடம் நான் தோற்க மாட்டேன். திருத்து."

பாஸ்கல் பேனாவைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தான். ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதி, முறைப்படி ஓரத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டான். சீஃப் ஆபீசர் கீழே பெரிய கையெழுத்தாகப் போட்டார். மீதித் தாள்கள் இரண்டு நிமிஷத்தில் முடிந்தன.

"வாலே, தப்பிச்சோம்" என்று ஜெயசிங் ஏணியில் இறங்கி லாஞ்சில் உட்கார்ந்தார். பாஸ்கல் இறங்கவில்லை. அவனுக்கு ஒன்று கேட்டாக வேண்டியிருந்தது.

"தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்?"

சீஃப் ஆபீசர் கிரேக்க மொழியில் ஒரு சொல் சொன்னார். வாசலில் நின்ற அந்தக் கப்பல் சமையல்காரர், தங்கள் தீவில் அப்படிச் சொல்வதில்லை என்று வேறொன்று சொன்னார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றி, ஒரு மாலுமியைக் கூப்பிட்டார்கள். அவன் மூன்றாவதாக ஒன்று சொன்னான். அப்போதுதான் அந்த மீசைக்கு அடியில் சிரிப்பு தெரிந்தது. பேச்சோடு பேச்சாக, குடிதண்ணீர் போதாது, நேற்றே கேட்க நினைத்துக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

அரை மணி கழித்து பாஸ்கல் லாஞ்சில் குதித்தான். "அண்ணாச்சி, இவங்களுக்குத் தண்ணி பத்தாதாம். கிளம்புததுக்கு முந்தி தண்ணித் தோணி ஒண்ணு அனுப்பணும்."

"என்கிட்ட தண்ணியப் பத்தி மூச்சு விடலையே. காலையில செல்வதுரையும் கேட்டுட்டுத்தான போனான்."

"அவன் என்ன கேட்டான்?"

"ஏதேனும் தேவைகள் உளவான்னு கேட்டிருப்பான்." ஜெயசிங் லாஞ்சைக் கிளப்பச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு, "வெள்ளிக்கிழமை யூகோஸ்லாவியாக் கப்பல் ஒண்ணு வருது. நீதான் முதல்ல ஏறுத" என்றார்.

பாஸ்கல் சட்டைப் பையில் ஒரு சிகரெட் அட்டையைத் தேடி எடுத்தான்.

"அவங்க வீட்டுல என்ன பாஷை பேசுவாங்க அண்ணாச்சி?"

"எனக்கென்னலே தெரியும்? ஏறிக் கேளு."