டேப் ஒட்டாத திரை

1.
இந்தக் கதை எனக்கு ஒரு காத்திருப்பு அறையில் கிடைத்தது. கழுத்தில் கட்டியோடு பக்கத்து நாற்காலியில் இருந்தவர் போனில் யாரிடமோ சொன்னார்: "எம் பொண்டாட்டிக்கே போடாத தங்கத்த எனக்குப் போடுறாங்களாம்பா!" அந்தச் சிரிப்புக்காகவே எழுத உட்கார்ந்தேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.
தொடக்கம் ஒன்று: மின்னுவதெல்லாம் பொன்...

ச்சீ, வேண்டாம்.

தொடக்கம் இரண்டு: அவருக்கு ஒரு தங்கை. கதிர்வீச்சு கொடுக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு வேலை. கட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகளை ஊசியால் ஏற்றிவிட்டால், அதே அளவு கதிர் கட்டியை இன்னும் பலமாகத் தாக்குமாம். நிஜமா என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் ஆய்வு. பாதிப் பேருக்குத் தங்கம், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். கதிர் எல்லாருக்கும் உண்டு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கதிர் கொடுப்பவர்களுக்கும் தெரியாது.

(ஒரு சிக்கல். தினமும் கதிருக்கு முன் எடுக்கும் ஸ்கேனில் தங்கம் வெள்ளை வெளேரென்று தெரியும். அதனால் திரையில் கட்டி வரும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு, எலும்பை மட்டும் பார்த்து ஆளை நேராகப் படுக்க வைப்பார்கள். இது நானே கட்டிவிட்டது, நம்புங்கள்.)

3.
சொந்தக்காரி என்பதால் தங்கையை அவர் பக்கமே விடவில்லை. ஒருநாள் அவருக்குக் கதிர் கொடுப்பவருக்குக் காய்ச்சல்; வேறு ஆளில்லாமல் தங்கையையே அனுப்பினார்கள். பழைய திரையும் மண்டையைப் போட்டிருந்தது. புதுத் திரை வந்தது. டேப் ஒட்ட எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

பார்த்துவிட்டாள். கட்டிக்குள் வெள்ளை ஒரு பொட்டுகூட இல்லை. அண்ணனுக்குப் போட்டது வெறும் உப்புநீர்.

(முதலில் தங்கம் பளிச்சென்று தெரிய, அவள் ஆனந்தக் கண்ணீர் வடிக்க, என்று எழுதி... அடித்துவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

4.
சட்டையை மாட்டிக்கொண்டே அண்ணன் கேட்டார்: "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்லண்ணா."

"பாத்துட்டியா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுண்ணா."

"சரி, கேக்கல. தங்கம் உள்ள இருக்குங்கிற தைரியத்துலதான் ரெண்டு வாய் சாப்பிடுறேன். அதப் பிடுங்கிடாதே. பொய்யும் சொல்லாதே, உனக்கு அது வராது."

5.
முடிவு அ: மேலிடத்தில் சொல்லிவிடுகிறாள். அவரை ஆய்விலிருந்து எடுத்துவிடுகிறார்கள். மீதியை அவள் முகமே அவரிடம் சொல்லிவிடுகிறது.

முடிவு ஆ: வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தெம்பாகச் சாப்பிடுகிறார். ஆய்வில் கறை விழுகிறது. அதை நம்பி நாளைக்கு இன்னொருவர் கழுத்தில் ஊசி...

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சல்காரர் இன்னும் வரவில்லை. நாளைக் காலை அண்ணன் மேசையில் படுப்பார், கனத்த கதவு மூடிக்கொள்ளும், அவள் வெளியிலிருந்து மைக்கில் "அசையாதீங்கண்ணா" என்பாள். அடுத்து அவள் சொல்ல வேண்டியதை நீங்கள் எழுதுங்கள். யோசித்து எழுதுங்கள். உள்ளே தனியாகப் படுத்திருப்பவருக்கு அது கேட்கும்.