பாப்பியின் முழங்கால்

காலை ஐந்தரைக்கு எழுந்தான் கலைச்செல்வன். நாய்க்கொட்டகையைக் கழுவி விட்டான். உப்பில்லாமல் வேகவைத்த கோழியையும் சோற்றையும் பிசைந்து நான்கு பொமரேனியன்களுக்கும் தனித்தனித் தட்டில் வைத்தான். கண்ணோரத்துப் பீளையைப் பஞ்சால் துடைத்தான். காதுகளை முகர்ந்து பார்த்தான். அவற்றில் ஒன்றான பாப்பிக்கு இணைசேரும் பருவமான ஹீட் வந்து அன்று பதினோராம் நாள். துணியை மாற்றிக் கட்டி, உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினான். பல் துலக்கினான். பால் வாங்கப் போனான்.

இதெல்லாம் அவன் மனைவி சகாயராணி செய்து வந்த வேலை. நான்கு மாதத்துக்கு முன் வில்லியனூர் சாலையில் டிப்பர் லாரி இடித்தது. பைக்கை ஓட்டிய கலைச்செல்வனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஆம்புலன்ஸிலேயே இறந்துபோனாள். அதற்கப்புறம் அவன் அழவுமில்லை, யாரிடமும் அதிகம் பேசவுமில்லை. நாய்களுக்கு மட்டும் நேரத்துக்குச் சோறு வைத்தான்.

உறுவையாறு ஊரில் சகாயராணியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. "மனுசனுக்கே எக்ஸ்ரே எடுக்க நாதியில்ல, இவ நாயத் தூக்கினு பாண்டிக்கு ஓடுறா" என்பாள் பக்கத்து வீட்டுச் செல்வகுமாரி. சிரித்தால் சிரிக்கட்டும் என்று சகாயராணி விட்டுவிடுவாள். ஜோடி சேர்க்குமுன் இரண்டு நாயையும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். முழங்கால் சில்லு நழுவுகிறதா, இதயத்தில் இரைச்சல் கேட்கிறதா என்று அவர் பார்ப்பார். குறை இருந்தால் அந்த நாய்க்குக் குட்டியே கிடையாது.

ஒரே ஒரு தடவைதான் பார்க்காமல் விட்டாள். அந்தத் தடவை ஆண் நாய் அவள் அண்ணன் அந்தோணிசாமியின் ஜிம்மி. கூடப் பிறந்தவன் நாய்க்குச் சோதனை வைத்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருந்துவிட்டாள். அந்த ஈற்றில் பிறந்தது பாப்பி. எட்டு மாதத்தில் இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடியது. டாக்டர் விரலால் தள்ளியதும் சில்லு பக்கவாட்டில் போய் விழுந்தது. "ஜிம்மிய இனிமே எதுகூடயும் சேக்காதண்ணே" என்று சகாயராணி சொல்லப்போக, அந்தோணிசாமி கோபித்துக்கொண்டு இந்தப் பக்கமே வராமல் இருந்தான்.

பால் பாக்கெட்டோடு கலைச்செல்வன் திரும்பியபோது வாசலில் அந்தோணிசாமியின் ஸ்கூட்டர் நின்றது. உள்ளறைத் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது. கொல்லையில் பாப்பியும் ஜிம்மியும் பின்புறம் ஒட்டியபடி பிணைந்து நின்றன. அப்பனும் மகளும்.

"மச்சான், இன்னா செஞ்சி வச்சிருக்க?"

"கம்பெனி மேனேஜர் வூட்டுக்கு ரெண்டு குட்டி சொல்லிட்டேன் மாப்ள. என்னைப் பர்மனென்ட் பண்ணப் போறாரு. ஒரே ரத்தம், பியூரா வரும் பாரு." சொல்லிக்கொண்டே அந்தோணிசாமி ஜிம்மியின் பின்னங்கால்களைப் பிடித்தான். காரியம் முடிந்தது, கிளம்பிவிடலாம் என்று நினைத்தவன் போல வெடுக்கென்று இழுத்தான்.

பாப்பி போட்ட அலறல் தெருவுக்கே கேட்டது. வெள்ளை மயிரில் ரத்தம் சொட்டியது.

"இழுக்காத! கிழிஞ்சிடும்! அதுவா வுடணும்!"

"ஒரு பக்கெட்டுத் தண்ணிய ஊத்துப்பா, வுட்டுடும்" என்று சுவருக்கு மேலே தலையை நீட்டினாள் செல்வகுமாரி.

அந்தோணிசாமி மறுபடி இழுத்தான். கலைச்செல்வன் பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, நெற்றியால் அவன் மூக்கில் மோதினான். எலும்பு நெரிந்தது. அந்தோணிசாமி மூக்கைப் பொத்திக்கொண்டு மல்லாந்தான். கலைச்செல்வன் மண்டியிட்டு இரண்டு நாயையும் அசையாமல் சேர்த்து அணைத்துக்கொண்டான். வலியில் வெறிகொண்ட ஜிம்மி அவன் மணிக்கட்டைக் கவ்வியது. பல் எலும்பில் உரசியது. கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது திமிறும், திமிறினால் பாப்பி இரண்டாகிவிடும்.

முதல் அடி முதுகில் விழுந்தது. அந்தோணிசாமி கையில் சவுக்குக் கட்டை.

"என் தங்கச்சியக் கொன்னவன்டா நீ! என்னை அடிக்கிறியா?"

இரண்டாவது தோளில். அடுத்தது காதோடு. காதுக்குள் இரைந்தது, கழுத்தில் சூடாக இறங்கியது. கலைச்செல்வன் பாப்பியின் மேல் இன்னும் குனிந்து தன் முதுகைக் கூரையாக்கிக் கொடுத்தான். கட்டை விலா எலும்பில் இறங்கியபோது மூச்சு நின்று திரும்பியது. நான்கு மாதத்தில் அவனுக்கு வலித்தது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, சாவடிக்கிறானே!" என்று கத்திக்கொண்டே செல்வகுமாரி ஆள் கூப்பிட ஓடினாள்.

எவ்வளவு நேரம் ஆனதோ, கட்டை முறிந்தது. கடைசியில் நாய்கள் தாமாகவே பிரிந்தன. பாப்பி நொண்டிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடி மூலையில் சுருண்டது. அது நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கலைச்செல்வன் எழுந்தான்.

கொட்டகைக் கதவின் இரும்புத் தாழை உருவி மச்சான் தொடையில் ஒரு வீச்சு வீசினான். விழுந்தவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். தாழைக் கழுத்துக்குக் குறுக்கே வைத்து அழுத்தினான்.

"ஹீட் அடங்கினதும் பாப்பிக்குக் கர்ப்பப்பைய எடுத்துடப் போறேன். ஒரு குட்டியும் வராது. எவன் வூட்டுக்கும் போவாது."

"எடுக்க நீ யார்றா?" அந்தோணிசாமியின் வாயில் ரத்தம் குமிழியிட்டது. "பாப்பிய அண்ணனுக்குக் குடுன்னு சொல்லிட்டுத்தான் செத்தா என் தங்கச்சி! ஊருக்கே தெரியும்!"

"ஊருக்கு யார் சொன்னது?"

கலைச்செல்வன் அழுத்தினான். அந்தோணிசாமியின் முகம் கறுத்தது, குதிகால்கள் மண்ணைச் சீய்த்தன. பிறகு அந்த வாயிலிருந்து காற்றோடு காற்றாக வந்தது:

"நான்தான்... நான்தான் மாப்ள சொன்னேன். நீதான் யார்கிட்டயும் வாயத் தொறக்கலியே. அவ இன்னாதான்டா சொன்னா? ஒரு வார்த்த கூடவா என்னப் பத்திக் கேக்கல?"

கலைச்செல்வனின் கை தளர்ந்தது. தாழ் பக்கத்தில் உருண்டது. மச்சான் நெஞ்சிலிருந்து இறங்கி மண்ணில் உட்கார்ந்தான். இருமி இருமி அழுகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னப் பத்தி சொல்லல மச்சான். என்னப் பத்தியும் சொல்லல. நாயப் பத்தியும் சொல்லல. ஸ்ட்ரெச்சர்ல தூக்கி உள்ள ஏத்துறாங்க, என் கையப் புடிச்சி இழுத்தா. குனிஞ்சேன்."

"இன்னா சொன்னா?"

"'செருப்பு ஒண்ணு ரோட்டுலயே கெடக்குதுபா, புதுசு, போய் எடுத்துனு வா'ன்னா."