கால்விரலில் ஏறிய கலர்

தொட்டிப் பக்கம் வெறுங்காலோடு போனவன் மறுநாள் சாயப்பட்டறைக்கு வர வேண்டியதில்லை என்பது மாமனார் போட்ட சட்டம். கலர் கலக்கும் அறையின் சாவி சின்ன மாப்பிள்ளைக்கா, மூத்த மாப்பிள்ளைக்கா என்று அவர் சொல்லப்போகிற நாளாகப் பார்த்துத்தான் சின்னவனின் கால்விரல்கள் ஊதாவாக வீங்கி அரிப்பெடுத்தன.

பூட்ஸில் ஓட்டையோ என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தான், சொட்டுக்கூடக் கசியவில்லை. ப்ளீச் போட்டுத் தேய்த்தான், எரிச்சல்தான் மிச்சம். அதற்குள் மூத்த மாப்பிள்ளையான சகலை மோப்பம் பிடித்துவிட்டார்.

“மாமா, ஓடி வாங்க! சின்னவர் கால்ல கத்திரிக்கா காய்ச்சிருக்கு!”

வந்த மாமனார் திட்டவில்லை. ஷேட் கார்டை எடுத்துவந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதிலிருந்த துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக மருமகனின் பெருவிரலோடு வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் கறுத்தது.

“இந்தக் கலர் நம்மகிட்டயே கிடையாதே. உண்மையச் சொல்லுங்க மாப்பிள்ளை, யார் பட்டறைக்குத் திருட்டுத்தனமா வேலைக்குப் போறீங்க?”

“ஐயோ மாமா! போன வாரம் பூரா சளியும் இருமலுமா படுத்துக் கிடந்தேன். உங்க பொண்ணையே கேளுங்க.”

“அவங்க உங்களை விட்டுக்கொடுத்துருவாங்களாக்கும்!” என்றார் சகலை.

சத்தம் கேட்டுச் சின்ன மகள் வந்தாள். “விரல் வீங்கிக் கிடக்கு, நீங்க கலரா பாத்துட்டிருக்கீங்க அப்பா?” என்று புருஷனை டாக்டரிடம் இழுத்துப் போனாள். மாமனாரும் ஷேட் கார்டோடு பின்னாலேயே போனார்.

டாக்டரம்மா விரலை அழுத்திப் பார்த்தார். “வைரஸ் சளி வந்துபோனதும் சில பேருக்கு இப்படி வர்றதுண்டு. பெரும்பாலும் தானா மறைஞ்சிடும். காலைக் கதகதப்பா வெச்சுக்கோங்க. ப்ளீச் மட்டும் வேண்டவே வேண்டாம்.”

மாமனார் பதறினார். “மறைஞ்சிடுமா? அவ்வளவு நல்ல கலராச்சே!”

ஆஸ்பத்திரி வாசலிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார். “மறையறதுக்குள்ள அதை அப்படியே கலந்து காட்டுங்க மாப்பிள்ளை. சாவி உங்களுக்கு.”

முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு அவன் கலந்தான். சகலைக்கு விரலருகே டார்ச் பிடிக்கும் வேலை.

“கொஞ்சம் கிட்ட பிடிங்க சகலை.”

“இன்னும் கிட்ட வந்தா முத்தம்தான் குடுக்கணும்.”

சிவப்பு தூக்கலாகப் போனது, நீலம் மங்கியது. கடைசியாக நனைத்த துணித்துண்டை உலரவைத்து, பாதி விரல் வெளியே தெரியும்படி போர்த்தினான். மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். துணியை எடுப்பதாக நினைத்துக் கிள்ளினார்.

“ஆ... மாமா! அது என் விரலு!”

மாமனார் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார்.