தங்கம் தேடும் படத்தில் தகரக் கூரைகள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது, சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் தமிழ் படித்த அனுப்பிரியா இப்போது பெங்களூரில், தங்கம் தேடும் கம்பெனி ஒன்றில் செயற்கைக்கோள் படங்களை அலசுகிறாள். லீவுக்குச் சிவகாசி வந்தவள், என் வீட்டில் காபி குடித்துக்கொண்டே விளக்கினாள்.

"தங்கம் மேல இருந்து தெரியாது சார். பாறையும் மண்ணும் எப்படி நிறம் மாறியிருக்குன்னு பாத்து, இங்கன இருக்கலாம்னு சொல்லுவோம். அதுக்கு மொதல்ல மரம், தண்ணி, வீடு எல்லாத்தையும் படத்துல மறைச்சிருவோம்."

வீட்டை மறைத்துவிட்டுத்தான் தங்கத்தைத் தேட வேண்டுமாம். அடேயப்பா! அதற்குப்பின் அவள் சொன்னதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "விண்ணின் உச்சியில் ஒரு கண் ஆமத்தூரை உற்று—"

சீ. கண்ணாம், விண்ணாம்.

இரண்டாம் தொடக்கம்: "அனுப்பிரியா கூரைகளை மறைக்கத் தொடங்கினாள்." இது தேவலை. சிவகாசிப் பக்கத்து ஆமத்தூருக்கு மேற்கே, அரசாங்க வரைபடத்தில் வெறும் தரிசு என்றிருக்கும் இடத்தில், கருவேலங்காட்டுக்குள் தகரக் கூரைகள் பளபளத்தன. லைசென்ஸ் இல்லாத பட்டாசு ஷெட்டுகள். நிலம் அவளுடைய பெரியப்பா நல்லசிவத்தினுடையது.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். கோபத்தை மாற்றவில்லை.)

3

பெரியப்பாவுக்கு போன் போட்டாள்.

"நம்ம நிலத்துல ஷெட்டு போட்டிருக்காகளே பெரியப்பா, லைசென்ஸ் இருக்கா?"

"சீசனுக்கு ஒருத்தனுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கேன். உனக்கெதுக்கும்மா அதெல்லாம்? தங்கம் இருக்கா, அதைச் சொல்லு."

"நெருக்கி நெருக்கிப் போட்டிருக்கு. ஒண்ணுல தீப்பிடிச்சா அம்புட்டும் போயிரும். உள்ள ஆளுக இருக்காக."

"கூரையெல்லாம் படத்துல மறைச்சிருவோம்னு நீதானம்மா சொன்னே? மறைச்சிரு."

நல்லசிவத்துக்கும் ஒரு நியாயம் எழுது, இல்லையென்றால் கதை ஒருபக்கமாகிவிடும் என்றார் நண்பர் ஒருவர். சரியென்று தொடங்கினேன்: "இளவயதில் வறுமையில் வாடிய நல்லசிவம்—"

எழுத மாட்டேன், போங்கள்.

அனுப்பிரியா அந்தப் படத்தை ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பலாம். இன்னும் அனுப்பவில்லை. அவள் கல்யாணத்துக்கு நகை போடப்போவதே பெரியப்பாதான். அவள்மேலும் எனக்குக் கோபம்தான்.

4

இதுவரை எழுதியதை எங்கள் தெரு ரோஜாவிடம் வாசித்துக் காட்டினேன். அந்த ஷெட்டுகளில் ஒன்றில்தான் அவள் மருந்து* அடைக்கிறாள்.

"தங்கம் கெடைச்சா எங்களுக்கு அங்கன வேலை குடுப்பாகளா அண்ணாச்சி?"

தெரியவில்லை என்றேன்.

"ஷெட்டை மூடுனா, வேற வேலை?"

அதுவும் தெரியவில்லை என்றேன்.

"அப்ப என்னத்தத்தான் எழுதுறீக?"

எனக்குச் சுருக்கென்றது. வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"கடைசியில வெடிக்க வச்சிராதீக. வெடிச்சாத்தான் எங்களைப் பத்தி எழுதுறாக."

(* எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. தெரியாதவர்களே, தீபாவளிக்கு என்னத்தைக் கொளுத்துகிறீர்களாம்?)

5

வாசகரே, நீங்களும் அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்? சிவகாசி என்று வாசித்ததுமே காதைப் பொத்திக்கொண்டீர்கள், இல்லையா?

முடிவு ஒன்று: ஷெட் வெடிக்கிறது. கேமராக்கள் வருகின்றன, இரங்கல் வருகிறது— அடித்துவிட்டேன். ரோஜா வேண்டாம் என்றாள்.

முடிவு இரண்டு: அனுப்பிரியா படத்தை அனுப்புகிறாள். ஷெட்டுக்குச் சீல் வைக்கிறார்கள். ரோஜா விஸ்வநத்தம் பக்கம் வேறொரு தகரத்துக்கடியில் போய் உட்காருகிறாள்.

முடிவு மூன்று: தங்கம் கிடைக்கிறது. யாருக்கு? இதை எழுதவே கை கூசுகிறது.

மூன்றும் எனக்கு வேண்டாம். யாரும் சாகாமலே கோபப்படத் தெரிந்த ஓர் ஆள் இந்தக் கதைக்குத் தேவை. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். ரோஜா காலையிலேயே வேனேறிப் போய்விட்டாள். இந்நேரம் உள்ளே மருந்து அடைத்துக்கொண்டிருப்பாள்.

அவள் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள்.