அடக்கிய மூச்சு

ஹென்னா வாயுவை அளக்கும் பெட்டியைக் கருப்பு மண்ணில் கவிழ்த்ததும் அவள் அண்ணன் யார்மோ மூச்சை அடக்கிக்கொண்டான். பக்கத்தில் ஆள் மூச்சு விட்டால் எண் கெட்டுவிடும் என்று நான்கு வருடங்களுக்கு முன் இதே வயலில் அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். கொசு மொய்த்தது. யார்மோ கையைக்கூட அசைக்கவில்லை.

அப்போது அவனிடம் இரண்டு டிராக்டர்கள் இருந்தன. கோடை முழுக்க இந்தச் சதுப்பில் விறகுபோல் எரியும் பீட் மண்ணைச் சுரண்டிக் காயவைத்து, ஊருக்கே வெந்நீர் அனுப்பும் கொதிகலனுக்கு ஏற்றிவிடுவான். ஹென்னாவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. அந்த மண் எரிந்தால்தான் புகை என்றில்லை. தண்ணீரை வடித்துவிட்டுச் சும்மா திறந்து போட்டாலும் காற்று பட்டு மக்கி, கரியமில வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். அவள் எடுத்த எண்கள் அறிக்கையில் ஏறின. இனி மண் எடுக்கக் கூடாதென்று வயலை மூடினார்கள். டிராக்டர்கள் பழைய இரும்புக்குப் போயின, யார்மோவின் மனைவி பிள்ளைகளோடு ஹெல்சிங்கிக்குப் போனாள். அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட அவன் தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் கோபத்தில் நியாயமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று அவனாகவே காப்பிக் குடுவையோடு வந்து நின்றான். கேட்டது ஒன்றே ஒன்று.

"என் பொழப்பப் புடுங்குனீங்களே, அதுல காத்தாவது கொஞ்சம் சுத்தமாச்சா? அத மட்டும் சொல்லிடு."

கருவியில் எண் ஏறியது. அதே பழைய வேகம், ஒரு இம்மி குறையவில்லை. எப்படிக் குறையும்? வயலை மூடியவர்கள் வடிகாலை அடைத்துத் தண்ணீரைத் தேக்கவில்லை. வயலை நடத்திய கம்பெனி திவாலாகிவிட்டது. அடைப்பது யார் பொறுப்பு என்று அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. தண்ணீர் அதுபாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. வெட்கங்கெட்ட பிழைப்பு.

யார்மோ அவள் முகத்தையே பார்த்தான். ஹென்னா உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"உன் மூச்சு பட்டிருச்சு போல, அண்ணே."

"நான் விடவே இல்லியே."

"காத்து இந்தப் பக்கமா அடிக்குது. இன்னொரு தடவ பாத்துருவோம்."

நான்கு வருடமாக அவள் சொன்ன எதையும் நம்பாதவன் இதை நம்பினான். காப்பிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு நடந்தான். ஓடிக்கொண்டிருந்த வடிகாலைத் தாண்டி, அதற்கும் அப்பால் பிர்ச் மரங்கள் வரை போய் நின்று, ஆரம்பிக்கலாம் என்று கையைத் தூக்கிக் காட்டினான்.

ஹென்னா பெட்டியைத் தூக்கிக் காற்றில் ஆட்டிவிட்டு மறுபடி கவிழ்த்தாள். எண் முன்போலவே ஏறியது. இப்போது பழி போட அங்கே ஆளில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு தூரத்திலும் தோள்கள் உயர்ந்திருப்பது தெரிந்தது. யார்மோ இன்னும் மூச்சை விடவில்லை.